ஏழாம் எண் கூடு

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் அத்தானும் சுகமா? காட்டு முகாமில் ஃபோன் எடுக்காது. எடுக்கிற மேடு வரைக்கும் நடந்துபோய்ப் பேசினால், இரண்டு வார்த்தைக்குள் நீ அழுதுவிடுகிறாய். கடிதமே நல்லது என்று நீ சொன்னது சரிதான். வாரம் ஒருமுறை தபால் ஜீப் வருகிறது.

'நானாச் சொல்ற வரைக்கும் அதைப் பத்தி நீ கேக்கக் கூடாது' என்று போன வருஷம் சத்தியம் வாங்கினாயே, ஞாபகம் இருக்கிறது. கல்யாணமாகி ஒன்பது வருஷமாக ஊரே கேட்கிறது. இரண்டு தடவை மூன்றாம் மாதத்தில் கலைந்த பிறகும் கேட்கிறது. தம்பி ஒருத்தனாவது வாயை மூடிக்கொண்டு இருக்கட்டும் என்றாய். பார், கேட்கவில்லை.

எனக்கு உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். இத்துடன் ஒரு டப்பா வருகிறது. பஞ்சுக்குள் பதினொரு கூடுகள். நாங்கள் கம்பளிச்சி என்று பேர் வைத்திருக்கிற அந்துப்பூச்சியுடையவை. காட்டின் ஓரத்து முட்புதர் வரிசையில்தான் அது வாழும். மூன்று வருஷத்துக்கு முன் எடுத்துவைத்த கூடுகள் இன்னும் திறக்கவில்லை. புதரிலும் இரண்டு வருஷமாகப் புழு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ரேஞ்சர் சிரிக்கிறார். "மூணு வருஷமா தூங்கற பூச்சியை நான் பார்த்ததில்லப்பா. அதோட சேர்ந்து நீயும் தூங்கறே!" செத்த கூடு என்று முடிவானால் அந்தப் புதரை அடியோடு வெட்டி, தீ பரவாமலிருக்கப் பாதை போடுவார்கள். உயிர் இருந்தால் பாதை நாற்பதடி தள்ளிப் போகும். செப்டம்பர் கடைசிக்குள் நான் சொல்லியாக வேண்டும்.

கூட்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது செத்துவிடும். போன வருஷம் ஐந்து கூடுகளை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உன் எக்ஸ்ரே ரூமில் வைத்துப் பத்து நிமிஷத்தில் படம் எடுத்துக் கொடுத்தாயே, அதே மாதிரி இதையும் எடுத்து அனுப்பு. உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஜூன் 21

அன்புத் தம்பிக்கு, அதாவது பூச்சிக்கு,

நாங்கள் சுகம். நீ சாப்பிடுகிறாயா, இல்லை கம்பளிச்சியோடு சேர்ந்து இலையைக் கடிக்கிறாயா? போன தடவை வந்தபோது சட்டை உன்னைப் போட்டுக்கொண்டிருந்தது, நீ சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கவில்லை.

டப்பா வந்து சேர்ந்தது. உன் அத்தான் ஏதோ தின்பண்டம் என்று பிரித்துவிட்டு அலறினார். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

படம் இப்போது எடுக்க முடியாதுடா. மிஷின் ரிப்பேர். உள்ளே ட்யூப் போய்விட்டதாம். வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டும். அவன் எப்போது வருவான் என்பது அவனுக்கே வெளிச்சம்.

டப்பாவை என் மேஜைமேல், வெயில் படாமல் வைத்திருக்கிறேன். சும்மா இருக்கும்போது ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன். குருவி முட்டை மாதிரி இருக்கிறது, கனமே இல்லை. முன்பு ஒருதரம் எழுதினாயே, தாய்ப்பூச்சி தன் உடம்பு ரோமத்தைப் பிடுங்கி முட்டைகளை மூடிவைப்பாள் என்று. அது அவளுக்கு வலிக்குமா? குஞ்சு வெளியே வருகிறபோது அவள் பக்கத்தில் இருப்பாளா? விவரமாக எழுது. எனக்கு இப்போது படிக்க நேரம் இருக்கிறது.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமே நாடுகிறேன். நீ எப்போதிலிருந்து என் பூச்சியைப் பற்றி விவரம் கேட்க ஆரம்பித்தாய்! கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன், கையெழுத்து உன்னுடையதுதான்.

வலிக்குமா என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. தெரியவில்லை அக்கா. குளிர் முடிகிற சமயத்தில், புதரில் ஓர் இலைகூட இல்லாதபோது அவள் வருவாள். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் கம்பளி. சாப்பிட வாயே கிடையாது. புழுவாக இருந்தபோது தின்றதுதான் கடைசிவரைக்கும். மெல்லிய முள்கொம்பு ஒன்றைச் சுற்றிச் சுற்றி முட்டை வைப்பாள். பின்பக்கத்து ரோமத்தை அதன்மேல் ஒட்டி மூடிவிட்டு ஒரு வாரத்துக்குள் போய்விடுவாள். குஞ்சை அவள் பார்ப்பதே இல்லை.

தளிர் வரும்போது முட்டை பொரியும். ஒரு கூட்டம் புழுக்கள் சேர்ந்து வெள்ளைப் பட்டு நூலில் கூடாரம் கட்டி, அதன்மேல் ஒன்றாக வெயில் காயும். பெரிதானதும் ஆளுக்கொரு பக்கம் போய்க் கூடு கட்டும். முக்கால்வாசி அடுத்த குளிர் முடிவிலேயே வெளியே வந்துவிடும். சிலது வராது. இரண்டு வருஷம், மூன்று வருஷம், ஏழு வருஷம்கூட உள்ளேயே இருக்கும். எல்லாரும் ஒரே வருஷம் வந்து, அந்த வருஷம் பனி கொன்றுபோட்டால் வம்சமே போய்விடும் அல்லவா? அதனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே முன்னேபின்னே வரும்.

ரேஞ்சர் வாராவாரம் கேட்கிறார். ரிப்பேர்க்காரன் வந்தானா? அடுத்த ஜீப்பில் பதில் போடு.

உன் தம்பி


ஆகஸ்ட் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உன் அக்கா இந்த மாதம் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அவளுக்குக் களைப்பு. உனக்காக வாங்கிய இரண்டு ஜோடிக் காலுறைகளை நான் அனுப்புகிறேன். அளவு தப்பாக இருந்தால் அவள் மேல் பழியைப் போடு.

போன வாரம் ஆஸ்பத்திரிப் படியிலேயே வழுக்கி என் கணுக்கால் பிசகிவிட்டது. நல்லவேளை, இடம் அது! அங்கேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. ஜூனியர் பெண்தான் எடுத்தது. நான் உள்ளே "ஐயோ, அம்மா" என்று கத்துகிறேன், உன் அக்கா கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு "சத்தம் போடாதீங்க, மானம் போகுது" என்கிறாள். உள்ளே ஒரு எட்டு வைக்கவில்லை. இப்போதெல்லாம் அவள் முன்மேஜையில் உட்கார்ந்து நோயாளிகளின் பேர்தான் எழுதுகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

காலுறை வந்தது. அத்தான் கடிதமும் வந்தது. மிஷின் நன்றாகத்தான் ஓடுகிறதாமே. அத்தான் காலுக்கு ஓடுகிற மிஷின் என் கூடுகளுக்கு மட்டும் ஓடாதா?

'என்னால முடியாதுடா' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் வேறு ஆளைப் பார்த்திருப்பேன். என்னிடம் பொய் சொல்ல என்ன அவசியம்? இரண்டு மாதம் போய்விட்டது. இங்கே ரேஞ்சர் கூலியாட்களுக்குத் தேதி குறித்துவிட்டார். ஆறு வருஷமாக இந்த முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு நான் பார்த்த வேலை உனக்கு அவ்வளவு இளக்காரமாகப் போய்விட்டதா? பத்து நிமிஷம் ஒதுக்க முடியாதபடி உனக்கு அங்கே என்ன வேலை? பிள்ளையா குட்டியா?

டப்பாவைத் திருப்பி அனுப்பிவிடு.

தம்பி


ஆகஸ்ட் 22

என் அக்காவுக்கு,

இதை மரலாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஜீப்பில் போன கடிதம் முந்துமா, இது முந்துமா, தெரியாது. இது முந்தினால், பின்னால் வருவதைப் பிரிக்காமல் அடுப்பில் போடு. அது முந்தியிருந்தால் நான் என்ன எழுதுவது? என் வாயில் புண் வர.

நேற்று காலையில் எங்கள் முகாம் சமையல்காரம்மாவிடம் போய் நியாயம் கேட்டேன். உன்னைப் பற்றிக் குறைசொல்லி, அத்தான் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நீ உள்ளே போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த இடம் வந்ததும், "நிறுத்து, அதைத் திரும்பப் படி" என்றார். படித்தேன். கையிலிருந்த கரண்டியால் என் தலையில் ஒரு போடு போட்டார். "அட மண்டு! எக்ஸ்ரே ரூம் கதவுல என்ன எழுதி ஒட்டியிருக்குன்னு நீ பார்த்ததே இல்லையா? என்னையும் அந்த பெஞ்சுல மூணு தடவை உட்கார வெச்சிருக்காங்க. மூணு தடவையும் வெறுங்கையோட வீட்டுக்கு வரலை."

அதற்குமேல் அவர் சொன்னதை எழுத மாட்டேன். உனக்கு நான் செய்த சத்தியம் இருக்கிறது. கேட்கவும் மாட்டேன். ஜீப் போன பாதையில் மேடு வரைக்கும் ஓடிப் பார்த்தேன், புழுதிதான் இருந்தது.

படம் வேண்டாம். ரேஞ்சரிடம் 'கூடுகளைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியலை, உங்க இஷ்டப்படி எழுதிக்குங்க' என்று சொல்லிவிட்டேன். புதர் போனால் போகட்டும். நீ அந்தக் கதவுப் பக்கமே போகாதே. மிஷின் ரிப்பேராகவே இருக்கட்டும், நன்றாக, நிதானமாக ரிப்பேராகட்டும்.

உன் தம்பி


செப்டம்பர் 4

அன்புள்ள பூச்சிக்கு,

நாங்கள் சுகம். நாங்கள் என்றால் நாங்கள்தான், எண்ணிக் கேட்காதே.

உன் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. பிரிக்காதே என்று எழுதினால் எந்த அக்காதான் பிரிக்காமல் இருப்பாள்? பிரித்தேன். படித்தேன். கொஞ்ச நேரம் உன்மேல் ஆத்திரமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்புறம் கரண்டி வந்ததும் சிரித்துவிட்டேன். அந்தம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல். இன்னொன்றும் போடச் சொல், என் கணக்கில்.

பொய் சொன்னது தப்புதான். ஜூனியரிடம் கொடுத்து எடுத்திருக்கலாம். 'நீங்களே ஏன் எடுக்கலை'ன்னு அவள் கேட்பாள். சூப்பரின்டென்டென்ட் அம்மாவைத் தவிர மற்ற எல்லாரிடமும் இடுப்பு வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாய்விட்டுச் சொன்னால் போய்விடுமோ என்று ஒரு பயம். படித்தவள்தானே என்று நீ கேட்பாய். படித்தவளுக்குப் பயம் வராது என்று யார் சொன்னது? உன் அத்தானிடம் ரகசியம் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்று என்று தெரிந்தும் அவரிடம் சொல்லாமல் முடியவில்லை. எப்படி உளறினார் பார்!

மூன்றைத் தாண்டிவிட்டது என்று மட்டும் சொல்கிறேன். முன்பு எப்போதும் தாண்டியதில்லை. காலையில் கண் விழித்ததும் முதலில் கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். சாப்பிடும்போது இரண்டு பேருக்குச் சாப்பிடுகிறோம் என்று நினைத்து இன்னொரு கவளம் எடுத்துக்கொள்கிறேன். மிஷின் பிப்ரவரி வரைக்கும் ரிப்பேராகவே இருக்கட்டும். உன் கம்பளிச்சியும் குளிர் முடிவில்தானே வருகிறாள்?

உன் புதருக்காக வருத்தமாக இருக்கிறது. ஆனால் உள்ளே போக மாட்டேன்.

அக்கா


செப்டம்பர் 22

அன்புத் தம்பிக்கு,

இத்துடன் படங்கள் வருகின்றன. மிஷின் சரியாகிவிட்டது. பதினொன்றையும் நேற்று மத்தியானம் நானே எடுத்தேன்.

கைவிரலுக்கு வைக்கிற கதிர் அளவையும்விடக் குறைத்து வைத்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஈயத்தில் வெட்டிய எண் வைத்திருக்கிறேன், குழப்பிக்கொள்ளாதே. ஒன்று, மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பதினொன்று: உள்ளே வற்றிப்போய், காய்ந்த மிளகாய் மாதிரி கிடக்கிறது. ஐந்திலும் ஒன்பதிலும் இருப்பது உன் பூச்சி இல்லை, அதைத் தின்றுவிட்ட குளவிக் குஞ்சுகள் அடைசலாக இருக்கின்றன. இரண்டு, ஏழு, பத்து உயிரோடு இருக்கின்றன. உடம்பு கூட்டை நிறைத்திருக்கிறது, ஓரம் சுத்தமாகத் தெரிகிறது. ரேஞ்சர் சந்தேகப்பட்டால் ஆஸ்பத்திரி முத்திரையோடு எழுதித் தருகிறேன்.

எனக்கு உடம்பு இப்போது பரவாயில்லை. பத்து நாள் லீவு முடிந்து நேற்றுதான் வேலையில் சேர்ந்தேன். "இடுப்பு வலி போயிடுச்சா அக்கா?" என்று ஜூனியர் கேட்டாள். போய்விட்டது என்றேன். கதவைத் திறந்து உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை.

நீ எழுதிய அந்த வார்த்தையால்தான் என்று நீ உட்கார்ந்து மருகுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதெல்லாம் இல்லை. சொல்லுக்கு அவ்வளவு பலம் இருந்தால் ஊர் சொன்னதற்கு நான் என்றைக்கோ செத்திருக்க வேண்டும். காரணம் டாக்டருக்கே தெரியவில்லை. நீ உன் வேலையைப் பார்.

ஏழாம் எண் படத்தை வெளிச்சப் பெட்டியில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் நின்றேன். இறக்கையை மடக்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, தம்பி! அதுவரைக்கும் நான் அழவில்லை. அதைப் பார்த்ததும் அழுதேன்.

இப்போது வராதே. நீ வந்தால் நான் அழுவேன், உன் அத்தான் அழுவார், அப்புறம் டீ யார் போடுவது?

அக்கா


அக்டோபர் 6

என் அக்காவுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

ரேஞ்சர் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழாம் எண்ணைப் பார்த்ததும் வாயிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டு, "அட, ஆளு உள்ளதான் இருக்கானா!" என்றார். பாதை நாற்பதடி தள்ளிப் போகிறது. புதர் பிழைத்தது. எனக்கு ஒரு துளி சந்தோஷம் வரவில்லை. இந்தப் படம் வந்தே இருக்கக்கூடாது என்றுதான் தோன்றுகிறது. புதர் முழுவதையும் வெட்டி எரித்திருந்தாலும் நான் ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்குச் சமையல்காரம்மா அடுப்பே மூட்டவில்லை.

வராதே என்கிறாய், வரவில்லை. ஆனால் சாயங்காலமானால் மேட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். ஃபோன் பண்ணுவதற்கு இல்லை. உன் ஊர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்வதற்கு. உன் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் போல இருக்கிறது.

இரண்டையும் பத்தையும் அனுப்பு. குளிர் பட்டால்தான் அவை விழிக்கும், இங்கே புதரிலேயே வைக்கிறேன். ஏழாம் எண் உன்னிடம் இருக்கட்டும். ஜன்னலுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வை. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

உன் தம்பி


மார்ச் 15

அன்புள்ள பூச்சிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் இரண்டும் பத்தும் ஒரே வாரத்தில் வெளியே வந்தன, பத்தாம் எண் பெண், முள்கொம்பில் முட்டையும் வைத்துவிட்டாள் என்று நீ எழுதியதை உன் அத்தானுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். "சம்பந்தி வீட்டுச் செய்தி மாதிரி படிக்கிறியே" என்கிறார்.

என்னுடையது வரவில்லை. பிப்ரவரி முழுக்கத் தினமும் பல் தேய்க்கும் முன்னால் போய்ப் பார்த்தேன். பிப்ரவரி எனக்கு எப்படிப் போயிற்று என்று உனக்கு எழுதத் தேவையில்லை. எதிர்வீட்டுக் கொடியில் சின்னச் சின்னத் துணி காய்ந்தால் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டேன். அப்புறம் இந்தக் கூட்டைப் பார்க்கவாவது திரையைத் திறக்க வேண்டியிருந்தது.

"செத்துப்போயிருக்கும்மா, எதுக்கு வெச்சுக்கிட்டு" என்று உன் அத்தான் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்ப் படம் எடுத்தேன். உயிரோடுதான் இருக்கிறது. படத்தைக் கொண்டுவந்து அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்கு அவரே போய்க் கூட்டின்மேல் இருந்த தூசியை ஊதிவிட்டு வந்தார்.

என் வயது உனக்குத் தெரியும். ஆசை விட்டுவிட்டதா என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். விடவில்லைடா. வெட்கமாக இருக்கிறது, ஆனால் விடவில்லை.

அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமா? அத்தானின் கணுக்கால் படியில் ஒழுங்காக இறங்குகிறதா?

போன வசந்தத்தில் புதரில் கண்ட ஒரு பட்டுக் கூடாரத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? பத்தாம் எண்ணின் பிள்ளைகள். அவை கட்டிய கூடுகள் இப்போது திறக்கத் தொடங்கியிருக்கின்றன. நேற்று வரை பதினாறு எண்ணினேன். ரேஞ்சர் வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுகிறார், தானே பெற்று வளர்த்த மாதிரி.

உன் ஏழாம் எண்ணுக்கு இது ஐந்தாவது குளிர். இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் மத்தியான வேளையில் ஒரு படம் எடுத்து அனுப்புகிறாயா? என் குறிப்பேட்டில் அதன் பேருக்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருக்கிறது. அவசரமில்லை. முடிந்தால் போதும்.

உன் தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சாப்பிடு, குளிரில் காலுறை போடு, பதினாறோடு நிறுத்தாமல் எண்ணு.

ஏழாம் எண் இந்த வருஷமும் வரவில்லை. கையில் வைத்துப் பார்த்தேன், கனம் அப்படியேதான் இருக்கிறது. இப்போது நான் முன்மேஜையில் பேர் எழுதுகிறேன், அதையும் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றி வைத்திருக்கிறேன். நாளெல்லாம் கண்ணெதிரே இருக்கிறது.

படம் கேட்டிருந்தாய். அனுப்ப முடியாதுடா. மிஷின் ரிப்பேர். வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டும், நவம்பர் ஆகிவிடும் என்கிறார்கள். அதுவரைக்கும் உன் குறிப்பேட்டில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

அத்தானுக்குத் தனியாகக் கடிதம் எழுதி எதையும் கிளறாதே, அவர் வாய் உனக்குத் தெரியும். சமையல்காரம்மாவிடம் மட்டும் நான் சொன்னதாகச் சொல், வெளியே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன் என்று. நீ ஒன்றும் கேட்காதே. வாரா வாரம் கடிதம் மட்டும் போடு.

அக்கா